ஆம் என்றால் இல்லை: மென்பொருள் சீர்மை பற்றி ஒரு குறிப்பு

2004-ல் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலிக் கணக்கு போடும் சின்ன மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, அது ஆபீஸ்தான். யார் எவ்வளவு குச்சி அடுக்கினார்கள், யார் எத்தனை பெட்டி ஒட்டினார்கள் என்பது நோட்டில் இருக்கும். அதை ஒரு அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவார். சனிக்கிழமை மத்தியானம் பட்டியல் அச்சாகும், சாயங்காலம் கூலிப் பட்டுவாடா.

விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய அந்த மென்பொருள் ஒன்பது வருஷம் ஓடியது. 2013-ல் புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்காக முழுவதையும் டாட்நெட்டில் திருப்பி எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை அக்கா காலையிலேயே உட்கார்ந்து ஆறு நாள் நோட்டையும் ஏற்றிவிட்டார். மத்தியானம் பட்டியலை எடுத்தால் எல்லார் பெயருக்கு நேராகவும் பூஜ்யம். ஒரு வாரக் கணக்கில் ஒரு வரிகூட சேமிக்கப்படவில்லை. பட்டுவாடா திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. கூலிக்காக நின்றுகொண்டிருந்த பெண்களில் சிலருக்கு அன்றைக்குக் குழுக்கடன் தவணை கட்டும் நாள்.

எனக்கு சென்னைக்கு போன் வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி: "மூடும்போது ஒரு கேள்வி வந்திருக்குமே, வாசிக்கலையாக்கா?"

அவர் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒம்பது வருசமா ஒரே கேள்விதான தம்பி கேக்குது. அத எதுக்கு வாசிக்கணும்? எப்பவும் அமுக்குறதத்தான் அமுக்கினேன்."

நடந்தது இதுதான். பழைய மென்பொருளில் ஒரு பக்கத்தை ஏற்றி முடித்து எஸ்கேப் அடித்தால் "சேமிக்கவா?" என்று கேட்கும். என்டர் தட்டினால் ஆம். புதியதில் நான் கேள்வியை மாற்றியிருந்தேன்: "சேமிக்காமல் வெளியேறவா?" பெட்டி வருகிற இடம் அதே இடம், பொத்தான்கள் அதே ஆம், இல்லை. என்டர் தட்டினால் அதே ஆம். அக்கா ஆறு பக்கத்தையும் எஸ்கேப், என்டர், எஸ்கேப், என்டர் என்று மூடினார். என் மென்பொருள் ஆறையும் மரியாதையாகத் தூக்கி எறிந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், நான் அதை மாற்றியதே சீர்மைக்காகத்தான். ஆங்கிலத்தில் கன்சிஸ்டென்சி என்கிற சொல்லுக்கு இந்தப் பதிவில் சீர்மை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த திட்டத்தில் ஒரு விதி இருந்தது: இழப்பு ஏற்படுத்தும் செயல் எதுவோ, அதைப் பெயர் சொல்லிக் கேட்டு உறுதி செய்யவேண்டும். நல்ல விதிதான். அதை அப்படியே ஊருக்கும் கொண்டுவந்தேன். என்னுடைய இரண்டு மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அக்காவின் விரலோடு மட்டும் ஒத்துப்போகவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். அதன் சுருக்கம் கீழே.

எதோடு ஒத்திருக்கவேண்டும்?

சீர்மை என்றவுடன் பலருக்குத் தோன்றுவது ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரே அளவுப் பொத்தான். அது மேல்பூச்சு. உண்மையில் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒரு மென்பொருளின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒத்திருக்கிறதா? அந்த மென்பொருள் அதே கம்ப்யூட்டரில் உள்ள மற்ற மென்பொருள்களோடு ஒத்திருக்கிறதா? இன்றைய பதிப்பு நேற்றைய பதிப்போடு ஒத்திருக்கிறதா? வெளியுலகில் அந்த ஆள் ஏற்கெனவே பழகிய பொருளோடு ஒத்திருக்கிறதா?

நாலும் ஒரே நேரத்தில் கிடைத்தால் நல்லது. பெரும்பாலும் கிடைக்காது. கால்குலேட்டரிலும் கீபோர்டின் எண் பகுதியிலும் 7, 8, 9 மேல் வரிசை. போனிலும் பெரும்பாலான ஏடிஎம்களிலும் 1, 2, 3 மேல் வரிசை. நாள் முழுக்கக் கணக்கு ஏற்றுகிற ஒருவர் ஏடிஎம்மில் ரகசிய எண்ணைத் தப்பாக அடித்தால் அவருக்கு மறதி என்று அர்த்தமில்லை. விரல் வேறொரு பாடத்தைப் படித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்குகளில் நேர்மாறு. இரவல் புல்லட்டை எடுத்துக்கொண்டு போய், ஆடு குறுக்கே வந்த நேரத்தில் வலது காலை அழுத்திக் கியரை மாற்றியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. மூளைக்கு எல்லாம் தெரியும். அவசரத்தில் மூளையைக் கேட்க நேரமில்லை.

எஃப்1 என்றால் உதவி இல்லை

இன்று கண்ட்ரோல் சி என்றால் நகல், கண்ட்ரோல் வி என்றால் ஒட்டு என்பது இயற்கை விதி போல ஆகிவிட்டது. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்களைக் கேளுங்கள். வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல் சி அடித்தால் ஒரு திரை கீழே நகரும். சேமிக்க கண்ட்ரோல் கே, பிறகு எஸ். லோட்டஸ் 1-2-3-ல் மெனு வரவேண்டுமானால் சாய்கோடு. வேர்ட்பெர்ஃபெக்டில் எஃப்1 அழுத்தினால் உதவி வராது, அது ரத்து செய்யும் விசை. உதவிக்கு எஃப்3. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு தனி நாடு. கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாடமாக நடத்தினார்கள் என்றால் காரணம் இதுதான். ஒன்றில் கற்றது இன்னொன்றில் செல்லாது.

இதை மாற்றிய யோசனை 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டாரில் தெளிவாகத் தெரிகிறது. நகர்த்து, நகலெடு, நீக்கு போன்ற சில பொதுக் கட்டளைகளுக்கு அதன் கீபோர்டில் தனி விசைகளே இருந்தன. எழுத்தை நீக்கினாலும் படத்தை நீக்கினாலும் கோப்பை நீக்கினாலும் ஒரே விசை. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வெட்டு, ஒட்டு முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான லாரி டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். ஒரே விசை நேரத்துக்கு ஒரு வேலை செய்வதை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். அவருடைய கார் நம்பர் பிளேட்டிலேயே அந்த எதிர்ப்பை எழுதி வைத்திருந்தார். இசட், எக்ஸ், சி, வி என்று கீபோர்டின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு விசைகள் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் நிலைபெற்று, பிறகு விண்டோசுக்கும் வந்தன.

1987-ல் ஐபிஎம் தன் பங்குக்கு ஒரு பொது விதித் தொகுப்பை வெளியிட்டது. எஃப்1 உதவி, ஆல்ட் எஃப்4 மூடு என்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. அதில் நகலெடுக்க கண்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட். இன்றைய விண்டோசில் அடித்துப் பாருங்கள், பெரும்பாலான இடங்களில் இன்னும் வேலை செய்யும். புது விசை வந்ததும் பழையதைப் பிடுங்கவில்லை. இரண்டையும் விட்டுவைத்தார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

'தமிழ்' என்று அடிக்க எத்தனை வழி?

இதற்கு நமக்கு மிக நெருக்கமான உதாரணம் தமிழ் விசைப்பலகை. 'தமிழ்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம்.

பாமினி எழுத்துருவில், தட்டச்சு இயந்திரத்தை ஒட்டிய அமைப்பில்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி விசை.

தமிழ்99-ல்: எல், கே, எஸ், சாய்கோடு, எஃப்.

விண்டோசில் 'தமிழ்' என்ற பெயரில் வெகுகாலமாக இருக்கும் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில்: எல், சி, எஃப், ஷிஃப்டோடு பி, டி.

ஒலிபெயர்ப்பு முறையில்: ஆங்கில எழுத்தில் 'தமிழ்' என்று எப்படி எழுதுவோமோ அப்படி. அதிலும் ழகரத்துக்கு ஒரு மென்பொருளில் இசட், இன்னொன்றில் இசட் எச்.

நான்கும் ஒரே திரையில் ஒரே சொல்லைத்தான் காட்டும். கண்ணுக்கு நூறு சதவீதம் சீர்மை, கைக்கு நான்கு மொழி. எஃப் விசையை மட்டும் பாருங்கள். தட்டச்சு அமைப்பில் அது க, தமிழ்99-ல் புள்ளி, இன்ஸ்கிரிப்டில் இகரக் கொக்கி.

விசை மாறுவது மட்டும் பிரச்சினை இல்லை. வரிசையும் மாறுகிறது. மலாயாவில் இருந்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்தின் வழி வந்த பழக்கத்தில், 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. தாளில் இடமிருந்து வலமாக எது முதலில் தெரிகிறதோ அது முதலில். தமிழ்99-ல் முதலில் க, பிறகு எ. நாம் உச்சரிக்கிற வரிசை.

தமிழ்99 அமைப்பு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவானது. அதே ஆண்டில் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது. தர்க்கமாகப் பார்த்தால் மிக அருமையான அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். 'க்க' வேண்டுமானால் க-வை இரண்டு தரம் தட்டினால் போதும், புள்ளி தானாக விழும். 'ந்த' என்பதற்கும் அப்படியே. தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற இலக்கணத்தையே விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். நான் இந்தப் பதிவை அடிப்பதும் அதில்தான்.

அப்படியிருந்தும் அது எல்லா மேஜைக்கும் போய்ச் சேரவில்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். எந்தச் சின்ன ஊரிலும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கும். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் அங்கே இயந்திரத்தில் பழகினார்கள். தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஒரு பெண் இரண்டு வருஷம் விரல் நோகப் பழகி, தேர்வில் ஜெயித்து, வேலைக்குப் போனால், மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கான அரசுத் தரம் வேறு. அவரிடம் போய் தமிழ்99 அறிவியல்பூர்வமானது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தட்டச்சு அமைப்பிலேயே அடிக்கிற மென்பொருள் ஒன்றைத் தேடி நிறுவிக்கொள்வார். அதைத்தான் செய்தார்கள். டிடிபி கடைகளும் அப்படித்தான்.

இது பிடிவாதம் இல்லை. தரம் என்று ஒன்றை அறிவிப்பதால் மட்டும் சீர்மை வந்துவிடாது. பயிற்சி தருகிற இடம், தேர்வு வைக்கிற இடம், வேலை பார்க்கிற இடம் மூன்றும் ஒரே அமைப்பைக் கேட்டால்தான் வரும்.

தொகுப்பதா, திருத்துவதா?

மெனுவைத் தமிழாக்கும்போது இதே கதை இன்னொரு விதத்தில் வரும். எடிட் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'தொகு'. பல மென்பொருள்களில் 'திருத்து'. செட்டிங்ஸ் என்பது ஒரு இடத்தில் 'அமைப்புகள்', இன்னொரு இடத்தில் 'அமைவுகள்'. கேன்சல் என்பது 'ரத்து', 'இரத்து செய்', 'விலக்கு', 'கைவிடு' என்று பல வேஷம் போடுகிறது. ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்தால் தப்பு சொல்ல முடியாது. நல்ல தமிழ்தான். ஆனால் ஒரு மென்பொருளில் கற்ற சொல் அடுத்ததில் உதவாது என்றால் பழைய டாஸ் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள். பலர் தமிழ் இடைமுகத்தை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் தெரியாதவர்கூட எந்த மென்பொருளிலும் அதே மூலையில் அதே வடிவமாக இருக்கிற ஃபைல் என்ற சொல்லைப் படம் போல அடையாளம் கண்டுகொள்வார். இந்திய மொழிகளில் அடிக்கடி வரும் இடைமுகச் சொற்களை மட்டுமாவது ஒரே மாதிரி ஆக்கலாம் என்று 2008-ல் ஃப்யூயல் என்ற திட்டம் தொடங்கப்பட்டது இதற்காகத்தான்.

தமிழாக்கத்தில் ஒரு நல்ல வேலையையும் சொல்லவேண்டும். லினக்ஸ் மென்பொருள்களைத் தமிழில் போட்டால் 'கோப்பு' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப் எழுத்து ஒன்று நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஆல்ட் எஃப் அடித்தால் எந்த மொழியிலும் கோப்பு மெனு திறக்கும். சொல்லைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்து, விசையைக் கைக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

சீர்மைக்கு எதிராகவும் ஒரு வாதம்

ஜோனதன் குரூடின் என்ற ஆய்வாளர் 1989-ல் இடைமுகச் சீர்மைக்கு எதிராகவே ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் கத்தி உதாரணம் எனக்குப் பிடிக்கும். வீட்டில் உள்ள எல்லாக் கத்திகளையும் ஒரே இழுப்பறையில் வைப்பதுதான் சீர்மை என்றால், பூச்சு வேலைக்கான கத்தியும் சமையலறையில்தான் இருக்கவேண்டும். யாரும் அப்படி வைப்பதில்லை. எந்த வேலைக்கு எங்கே தேவையோ அங்கே வைக்கிறோம். நம் வீட்டில் அரிவாள்மனை அடுப்படியில், கருக்கரிவாள் தொழுவத்தில். இரண்டும் அரிவாள்தானே என்று யாரும் ஒன்றாக வைப்பதில்லை.

வேலை முக்கியம், ஒற்றுமை அதற்கு அப்புறம் என்பது அவர் கட்சி. நான் ஒத்துக்கொள்கிறேன். லினக்ஸ் டெர்மினலில் கண்ட்ரோல் சி என்றால் ஓடுகிற நிரலை நிறுத்துவது. நகலெடுப்பதற்கு முன்பிருந்தே அந்த அர்த்தம் அங்கே உண்டு. அதை மற்ற மென்பொருளோடு ஒத்துப்போகிறேன் என்று மாற்றியிருந்தால், டெர்மினலிலேயே வாழ்கிறவர்கள் பாடு திண்டாட்டம். அவுட்லுக்கில் கண்ட்ரோல் எஃப் அடித்தால் தேடாது, மடலை இன்னொருவருக்கு முன்னனுப்பப் பார்க்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது எரிச்சல். அதிலேயே பழகியவருக்கு மாற்றினால் எரிச்சல்.

மாற்றவே கூடாது என்றும் இல்லை. ஆபீஸ் 2007-ல் மைக்ரோசாஃப்ட் மெனுவையே எடுத்துவிட்டு ரிப்பன் வைத்தது. எத்தனையோ பேர் திட்டினார்கள். ஆனால் கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் பி எல்லாம் அப்படியே இருந்தன, பழைய ஆல்ட் வரிசைகளில் பலவும் வேலை செய்தன. ரிப்பன் நிலைத்தது. 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்தார்கள். கை போய்த் தொடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் 8.1-ல் பொத்தானைத் திரும்ப வைக்கவேண்டியதாயிற்று.

இன்னொரு மாற்றம் யாரும் கவனிக்காமலே நடந்தது. பழைய நோட்பேடில் சேமிக்காமல் மூடினால் சேமிக்கவா என்று கேட்டு ஆம், இல்லை, ரத்து என்று மூன்று பொத்தான் வரும். பிந்தைய விண்டோசில் பொத்தான்களின் பெயரை 'சேமி', 'சேமிக்காதே' என்று மாற்றினார்கள். கேள்வியை வாசிக்காமலே பொத்தானைப் பார்த்து முடிவெடுக்கலாம், நல்ல திருத்தம். என்டர் தட்டினால் முன்போலவே சேமிக்கும். பழைய 'இல்லை' பொத்தானுக்கு ஆங்கிலத்தில் என் விசை. புதிய பொத்தானின் ஆங்கிலப் பெயருக்கு நடுவிலும் ஒரு என் இருந்தது, அதற்கே அடிக்கோடு போட்டார்கள். பார்க்கிறவருக்குப் புது வார்த்தை, விரலுக்குப் பழைய வழி.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். வெளித்தோற்றத்தில் பழையதையே வைத்துக்கொண்டு உள்ளே அர்த்தத்தைத் திருப்பிவிட்டேன். எல்லாமே புதிதாக இருந்திருந்தால்கூட அக்கா நிதானித்து வாசித்திருப்பார். அதே இடம், அதே ஆம், அதே என்டர். பொய்யான சீர்மை, சீர்மை இல்லாததைவிட மோசம்.

பிறகு

அன்று ராத்திரி சென்னையிலிருந்து பஸ் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா நோட்டை வாசிக்க வாசிக்க நான் ஏற்றினேன். பட்டியல் தயாரானது. திங்கட்கிழமை பட்டுவாடா நடந்தது. என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேள்வியை எடுத்துவிட்டேன். இப்போது அந்த மென்பொருள் ஒவ்வொரு வரியையும் அடித்தவுடனே தானாகச் சேமித்துவிடும். ஆனால் எஸ்கேப் அடித்தால் இன்னும் ஒரு பெட்டி வரும், என்டர் தட்டினால் போகும். "சேமித்தாயிற்று" என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. மென்பொருளுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. வேலையோடு சேர்ந்து அதைப் பார்க்கிற இளம் புரோகிராமர்கள் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

எஸ்கேப்புக்குப் பிறகு அக்கா எப்படியும் என்டர் தட்டுவார். அந்த என்டர் வேறு எதன் மேலாவது போய் விழக்கூடாது இல்லையா.